முதல் நாளே போனுக்கு ஏற்றுங்கள்

செயலி எழுதக் கற்பவர்களில் பலர் இரண்டு மூன்று மாதம் கணினியை விட்டு நகர்வதில்லை. திரைகளை வடிவமைக்கிறார்கள், நிறங்களை மாற்றுகிறார்கள், கணினிக்குள்ளேயே ஓடும் பாவனைப் போனான எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து மகிழ்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் போனில் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அன்றைக்குக் கேபிள் கோளாறு, அனுமதிக் கோளாறு, சர்வர் கோளாறு, எழுத்துக் கோளாறு எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

அதனால்தான் இந்த அத்தியாயத்தை நூலின் கடைசிக்குத் தள்ளாமல் இங்கேயே வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் புதிய புராஜெக்ட் திறந்தால் ஒரு வரி வணக்கம் மட்டும் காட்டும் வெறும் செயலி தானாகவே கிடைக்கும். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் இன்றே உங்கள் போனில் ஏற்றிவிடுங்கள். கணினிக்கும் போனுக்கும் நடுவே பாதை சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பிறகு வரும் பிழை பெரும்பாலும் நீங்கள் எழுதிய வரியில்தான் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது எளிது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

போனைத் தயார்செய்தல்

கடையிலிருந்து வரும் போன் கேபிள் போட்டால் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், படங்களை நகலெடுக்க விடும். அதற்கு மேல் கணினி சொல்வதைக் கேட்காது. கேட்கவைக்க டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பக்கம் வேண்டும். ஆண்ட்ராய்டு 4.2 முதல் அந்தப் பக்கம் மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் அபவுட் போன் பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை தட்டுங்கள். போனின் பூட்டு எண்ணைக் கேட்கும். கொடுத்ததும் நீங்கள் டெவலப்பர் ஆகிவிட்டதாகச் சொல்லும். சாம்சங்கில் அந்த வரி சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனுக்குள் இருக்கும். சயோமி போன்களில் பில்ட் நம்பருக்குப் பதிலாக ஓஎஸ் வெர்ஷன் அல்லது எம்ஐயுஐ வெர்ஷன் வரியைத் தட்ட வேண்டும்.

புதிதாக முளைத்த பக்கத்தில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். சயோமியில் அதற்குக் கீழே இன்ஸ்டால் வயா யுஎஸ்பி என்று இன்னொரு சுவிட்சும் உண்டு. அதையும் போடாவிட்டால், எல்லாம் சரியாக இருந்தும் இன்ஸ்டால் மட்டும் மறுக்கப்படும்.

டீபக்கிங் இயக்கத்தில் இருக்கும்போது சில வங்கிச் செயலிகளும் பணம் அனுப்பும் செயலிகளும் திறக்க மறுக்கும். பயப்பட வேண்டாம், அணைத்தால் சரியாகிவிடும். ஆனால் தினமும் போட்டு அணைப்பது தொல்லை. வீட்டில் பழைய போன் கிடந்தால் அதைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் பழைய, மெதுவான போன்தான் நல்லது. அதில் தடையில்லாமல் ஓடுகிற செயலி புதிய போனில் திணறுவது அரிது.

கேபிள்

புதியவர்களின் நேரத்தை அதிகம் தின்பது கேபிள்தான். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பியும் தகவலுக்கு இரண்டு கம்பியும் ஓடும். விலை மலிவான பல கேபிள்களில் தகவல் கம்பிகளே இருப்பதில்லை. சார்ஜ் ஏறும், ஆனால் கணினிக்குப் போன் இருப்பதே தெரியாது. சார்ஜ் ஏறுகிறதே, கேபிளில் என்ன குறை இருக்கப்போகிறது என்று நினைத்து டிரைவர், செட்டிங்ஸ், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்போம். எதையும் மாற்றும் முன் போனிலிருந்து ஒரு படத்தைக் கணினிக்கு நகலெடுத்துப் பாருங்கள். நகல் ஆகாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேபிள் சரியென்றால் போன் திரையில், இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி எழும். உங்கள் சொந்தக் கணினி என்றால் எப்போதும் அனுமதி என்பதைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரி ஆய்வகக் கணினி, நண்பரின் மடிக்கணினி என்றால் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். டீபக்கிங் அனுமதி பெற்ற கணினி உங்கள் போனுக்குள் நிறையச் செய்ய முடியும். தவறுதலாகக் கொடுத்துவிட்டால், டெவலப்பர் ஆப்ஷன்ஸிலேயே கொடுத்த அனுமதிகளை மொத்தமாகத் திரும்பப்பெறும் வரி இருக்கிறது.

இப்போது டெர்மினலில் ‘ஏடிபி டிவைசஸ்’ என்று அடியுங்கள். ஏடிபிதான் கணினிக்கும் போனுக்கும் நடுவில் நிற்கும் தூதர். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போனில் எதைச் செய்தாலும் இதன் வழியாகத்தான் செய்கிறது. போனின் வரிசை எண்ணுக்கு எதிரே ‘டிவைஸ்’ என்று வந்தால் பாதை திறந்துவிட்டது. ‘அன்ஆத்தரைஸ்டு’ என்று வந்தால் அனுமதிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் போன் பூட்டியிருக்கும், கேள்வி உள்ளே காத்திருக்கும். ‘ஆஃப்லைன்’ என்றால் ‘ஏடிபி கில்-சர்வர்’ அடித்துத் தூதரை நிறுத்திவிட்டு மறுபடி முதல் கட்டளையை அடியுங்கள், தானாக எழுந்துகொள்ளும். பட்டியலே காலியாக வந்தால் விண்டோஸில் போன் நிறுவனத்தின் யுஎஸ்பி டிரைவரைப் போட்டுப் பாருங்கள். லினக்ஸில் அனுமதி இல்லை என்று வந்தால் யுடெவ் விதிகளைச் சேர்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிளே இல்லாமலும் வேலை நடக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் டீபக்கிங்கைத் திறந்து, கியூஆர் கோடாலோ 6 இலக்க எண்ணாலோ ஜோடி சேர்க்கலாம். விடுதி, கல்லூரி வைஃபைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே மூன்றாவது போன் ஒன்றின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை முக்கோணம்

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் மேல் பட்டையில் உங்கள் போனின் பெயர் தெரியும். அதன் அருகே உள்ள பச்சை முக்கோணத்தை அழுத்துங்கள். முதல் முறை நேரம் பிடிக்கும். கிரேடில் என்ற கட்டுமானக் கருவி தனக்கு வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கும். சில நூறு எம்பி ஆகலாம். போனின் டேட்டாவில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். இடையில் நிறுத்தவும் வேண்டாம். இரண்டாம் முறையிலிருந்து மாறிய பகுதியை மட்டும் கட்டுவதால் வேகமாக முடியும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பிழைச் செய்திகள் மிரட்டாது. நீங்கள் எழுதிய காட்லின் வரிகள் முதலில் ஜாவா உலகின் பைட்கோடாக மாறும். அதை டி8 என்ற கருவி ஆண்ட்ராய்டுக்குப் புரியும் டெக்ஸ் வடிவத்துக்கு மாற்றும். படங்கள், சொற்கள், நிறங்கள் ஆகியவற்றை ஏஏபிடி2 தனியே தொகுக்கும். எல்லாம் ஒரே பொட்டலமாகி, கையொப்பம் இடப்பட்டு ஏபிகே ஆகும். அந்த ஏபிகே வெறும் ஜிப் கோப்புதான். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். டெக்ஸ் கோப்பும் படங்களும் உள்ளே இருக்கும். என் வகுப்பில் இதைத் திறந்து காட்டிய பிறகுதான் பலருக்குச் செயலி என்றால் என்ன என்பதே பிடிபட்டது.

எட்டு ஜிபி ரேம் உள்ள கணினி வைத்திருப்பவர்களுக்கு என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: எமுலேட்டரை மறந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து அந்த ரேமை முழுவதும் விழுங்கிவிடும். போன் இருக்கும்போது அது தேவையில்லை. எமுலேட்டர் பொய்யான நம்பிக்கையையும் தரும். பல நிறுவனப் போன்கள் பேட்டரியைக் காக்கப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். உங்கள் நினைவூட்டல் மணி காலை 6 மணிக்கு அடிக்குமா என்பதை அந்தப் போனே சொல்லும்.

போன் மறுத்தால்

இன்ஸ்டால் தோற்கும்போது வரும் செய்தி நீளமாக இருந்தாலும் காரணம் ஒரு வரியில் இருக்கும். ‘ஓல்டர் எஸ்டிகே’ என்று இருந்தால் போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு நீங்கள் குறித்த குறைந்தபட்சத்துக்கும் கீழே. மின்எஸ்டிகே 24 என்றால் ஆண்ட்ராய்டு 7.0, அதற்கு முந்தைய போனில் ஏறாது. ‘வெர்ஷன் டவுன்கிரேடு’ என்றால் போனில் இருப்பதைவிடக் குறைந்த வெர்ஷன்கோடு கொண்டதை ஏற்றப் பார்க்கிறீர்கள். ‘டெஸ்ட் ஒன்லி’ என்பது வேடிக்கையான இடத்தில் வரும். பச்சை முக்கோணத்தால் உண்டான ஏபிகேயைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பினால், அவர் போன் அதை ஏற்காது. பகிர்வதற்கான ஏபிகேயை பில்ட் மெனுவிலிருந்து தனியாகக் கட்ட வேண்டும்.

நான்காவது செய்தி ‘அப்டேட் இன்கம்பாட்டிபிள்’. இதற்காக நான் உண்மையிலேயே வருந்தியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் பால் ஊற்றும் அண்ணனுக்கு ஒரு கணக்குச் செயலி எழுதிக் கொடுத்தேன். யார் வீட்டுக்கு எத்தனை லிட்டர், மாதக் கடைசியில் எவ்வளவு, அவ்வளவுதான். கட்டியதும் அப்படியே அவர் போனில் ஏற்றினேன். நோட்டை விட்டுவிட்டு அதிலேயே எழுதத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்து ஒரு திருத்தம் கேட்டார். அதற்குள் என் மடிக்கணினி பழுதாகி, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டிருந்தேன். நிரலின் பிரதி பத்திரமாக இருந்தது. திருத்தி, கட்டி, ஏற்றினால் போன் மறுத்தது. பழையதை நீக்கிவிட்டு ஏற்றினால்தான் ஏறும். நீக்கினால் உள்ளே இருக்கும் கணக்கும் அழியும். அந்தச் செயலியில் கணக்கை வெளியே எடுக்கும் வசதியை நான் வைக்கவில்லை. அண்ணனும் நானும் உட்கார்ந்து பழைய செயலியைப் பக்கம் பக்கமாகப் பார்த்து நோட்டில் எழுதி, புதியதில் மறுபடி ஏற்றினோம். இரண்டு இரவு ஆனது.

காரணம் கையொப்பம். ஒவ்வொரு ஏபிகேயும் ஒரு சாவியால் கையொப்பமிடப்பட்டே போனுக்குள் நுழையும். அதே பெயரில் புதிய பதிப்பு வரும்போது, பழையதும் புதியதும் ஒரே சாவியால் கையொப்பமிடப்பட்டவையா என்று போன் பார்க்கும். இல்லையென்றால், வேறு யாரோ உங்கள் பெயரில் நுழையப் பார்க்கிறார்கள் என்றே அது கொள்ளும். அது சரியான பாதுகாப்புதான். பச்சை முக்கோணம் பயன்படுத்துவது டீபக் சாவி. உங்கள் பயனர் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ஆண்ட்ராய்டு என்ற கோப்புறைக்குள் தானாக உருவாகியிருக்கும். ஒவ்வொரு கணினிக்கும் அது வேறு. என் பழைய கணினியோடு அந்தச் சாவியும் போய்விட்டது.

இன்னொருவர் கைக்குப் போகும் எதையும் டீபக் சாவியால் கையொப்பமிடாதீர்கள். பில்ட் மெனுவில் கையொப்பமிட்ட ஏபிகே உண்டாக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கென்று ஒரு கீஸ்டோர் கோப்பை உருவாக்குங்கள். செல்லுபடிக் காலம் 25 ஆண்டு என்றே விட்டுவிடுங்கள். உங்கள் சோதனைப் பதிப்புக்கு அப்ளிகேஷன்ஐடியின் கடைசியில் ‘டீபக்’ என்று ஒரு வால் சேர்த்தால், வெளியீட்டுப் பதிப்பும் சோதனைப் பதிப்பும் ஒரே போனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று மற்றதைத் தொடாது.

வெளியீட்டுப் பதிப்பைக் கட்டியதும் அதையும் போனில் ஏற்றி ஒவ்வொரு திரையாகத் தட்டிப் பாருங்கள். அளவைக் குறைக்கும் வசதியை இயக்கியிருந்தால் ஆர்8 என்ற கருவி, பயன்படாதது என்று தனக்குத் தோன்றும் வகுப்புகளை நீக்கிவிடும், பெயர்களையும் சுருக்கிவிடும். பெயரை வைத்துத் தேடும் நூலகங்கள், குறிப்பாக ஜேசன் படிப்பவை, அப்போது தடுமாறும். டீபக்கில் அழகாக ஓடியது வெளியீட்டில் விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எதை நீக்கக் கூடாது என்று கீப் விதிகளில் எழுதிவிட்டால் தீரும்.

சர்வர் எங்கே இருக்கிறது?

உங்கள் கணினியிலேயே ஒரு சர்வரை ஓட்டி, செயலியை அதோடு பேசவைக்கிறீர்கள் என்று வையுங்கள். எமுலேட்டரில் 10.0.2.2 என்ற முகவரி கணினியைக் குறிக்கும். அதையே உண்மையான போனில் போட்டால் எங்கும் போகாது. லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டால் போன் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். கேபிள் இணைந்திருக்கும்போது ‘ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:8080 டிசிபி:8080’ என்று அடியுங்கள். இப்போது போனின் லோக்கல்ஹோஸ்ட் 8080க்குப் போகும் பேச்சு கேபிள் வழியே கணினிக்கு வந்துசேரும். வைஃபை முகவரி மாறுகிற கவலையும் இல்லை.

அப்படியும் இணைப்பு மறுக்கப்பட்டால், முகவரி எச்டிடிபி என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 9ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு, மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பு இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். சோதனைக்காக அதைத் திறக்க வேண்டுமென்றால் டீபக் பதிப்பின் மேனிஃபெஸ்டில் மட்டும் திறந்துவிடுங்கள். பொது மேனிஃபெஸ்டில் திறந்தால் மறந்துபோய் மக்கள் கைக்கும் அப்படியே போய்விடும்.

செயலி திறந்ததும் மூடிக்கொண்டால் ஊகிக்காதீர்கள். கீழே லாக்கேட் சாளரத்தைத் திறந்து ‘ஃபேட்டல் எக்செப்ஷன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் கீழே கடைசியாக வரும் ‘காஸ்டு பை’ வரிதான் மூல காரணம்; அதற்கு அடியில் உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் நீல நிறத்தில் இருக்கும். தட்டினால் அந்த வரிக்கே கொண்டுபோகும்.

தமிழ் திரையில் எப்படி நிற்கிறது

தமிழில் செயலி எழுதுகிறவர்கள் போனில் பார்த்தே தீர வேண்டிய சில உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ‘சேவ்’ என்று சிறிய பட்டனில் அடங்கியது ‘சேமிக்கவும்’ என்று ஆனதும் வெட்டுப்படும். அதோடு வயதானவர்கள் போனில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் எழுத்தளவைக் கடைசி வரை தள்ளிவிட்டு உங்கள் திரைகளைப் பாருங்கள். பால்கார அண்ணன் போனில் மொத்தத் தொகையின் கடைசி இலக்கம் திரைக்கு வெளியே போயிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

எழுத்து எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை நாம் எண்ணினால் 8 எழுத்து. காட்லினில் நீளம் கேட்டால் 15 என்று வரும். துணைக்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பெயருக்கு 12 எழுத்து போதும் என்று எல்லை வைத்தால் அவர் பெயர் நடுவில் நின்றுவிடும். தேடலில் இன்னொரு சிக்கல். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பிளே ஸ்டோருக்கு

பிளே ஸ்டோரில் வெளியிடுவதற்குத் தனி அத்தியாயம் பின்னால் வருகிறது. இப்போதைக்கு இவ்வளவு போதும்: கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டாலர். 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளை ஏபிகேயாக அல்ல, ஏஏபி என்ற தொகுப்பாகத்தான் ஏற்ற வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் ஏற்ற ஏபிகேயை கூகுளே பிரித்து அனுப்பும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவெளியீட்டுக்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். அந்த 12 பேரை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐபோனுக்கு மேக் கணினியும் எக்ஸ்கோடும் வேண்டும். இலவச ஆப்பிள் ஐடியால் உங்கள் சொந்தப் போனில் ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் 7 நாளில் காலாவதியாகும். அதற்கு மேல் ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம். கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

பிளே ஸ்டோர் வழியாகப் போகும் செயலிக்கு இறுதிச் சாவியை கூகுளே வைத்திருக்கும். நீங்கள் ஏற்றப் பயன்படுத்தும் சாவி தொலைந்தால் புதியது கேட்டு வாங்கலாம். நேரடியாக ஏபிகே கொடுக்கும்போது அந்த உதவி கிடையாது. கீஸ்டோர் கோப்பு தொலைந்தாலும், அதன் கடவுச்சொல் மறந்தாலும், மீட்டுத்தர உலகில் யாரும் இல்லை. அந்தக் கோப்பை நிரலோடு சேர்த்து கிட்டில் ஏற்றவும் கூடாது. பொதுவெளியில் போனால் உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் கையொப்பமிடலாம். ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். இன்னொன்றை நம்பகமான வேறோர் இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் தனியே வையுங்கள். அடுத்த அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன்பு இதைச் செய்துவிட்டு வாருங்கள்.